கூலி வாங்காமல் துடைத்த கண்ணாடிகள்

நான் நிர்வாகக் குழுவில் இருக்கும் சமுதாயக் கூடத்தின் சன்னல் கண்ணாடிகளை, அந்த வேலையையே தொழிலாகச் செய்யும் சிலர் தங்கள் விடுமுறை நாளில் வந்து, கூலி எதுவும் பெறாமல் துடைத்துக் கொடுத்தார்கள். செய்தி இவ்வளவுதான். ஆனால் அதை ஏற்பாடு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்ததால், தேர்ந்த தொழிலாளர்கள் இலவசமாகத் தரும் உழைப்பை ஒரு பொதுக் கட்டடம் எப்படிப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது குறித்துச் சில உறுதியான கருத்துகள் எனக்கு ஏற்பட்டிருக்கின்றன. பணம் கொடுத்துச் செய்விக்கும் வேலையைவிட இலவச வேலைக்குத்தான் முன்னேற்பாடு அதிகம் தேவைப்படுகிறது என்பது அவற்றில் முதலாவது.

பொதுக் கட்டடங்களில் கடைசியாகக் கவனிக்கப்படுவது சன்னல் கண்ணாடிதான். கூரை ஒழுகினால் அன்றைக்கே கூட்டம் கூட்டுகிறோம். கழிப்பறைக் குழாய் உடைந்தால் மறுநாளே ஆள் வருகிறார். கண்ணாடியில் அழுக்கு ஏறுவதை யாரும் புகாராகச் சொல்வதில்லை, ஏனெனில் அது ஒரு நாளில் ஏறுவதில்லை. பகலிலேயே விளக்கைப் போடத் தொடங்குகிறோம், பிறகு அதுவே பழகிவிடுகிறது. உட்புறத்தை யாராவது எப்போதாவது ஈரத்துணியால் துடைப்பதுண்டு. வெளிப்புறம் கைக்கு எட்டாது என்பதால் அப்படியே விடப்படுகிறது. புழுதி, வாகனப் புகையின் எண்ணெய்ப்படலம், பூச்சிகளின் எச்சம், மழைநீர் சட்டத்திலிருந்து கழுவிக் கொண்டுவரும் துரு ஆகிய எல்லாம் அங்கே அடுக்கடுக்காகப் படிகின்றன. இவை எல்லாக் கட்டடத்துக்கும் பொது. சமுதாயக் கூடத்துக்கென்றே உரியது பசை நாடா. யோகா வகுப்பு, இரத்ததான முகாம், காணாமல்போன பூனை என்று எல்லா அறிவிப்புகளையும் கண்ணாடியில்தான் ஒட்டுகிறோம். காகிதத்தைக் கிழித்தெடுக்கும்போது நாடாவின் நான்கு மூலைகளும் அங்கேயே தங்கி, வெயிலில் காய்ந்து, கண்ணாடியோடு ஒன்றாகிவிடுகின்றன.

வந்தவர்கள் வாளியை எடுப்பதற்கு முன்பே கட்டடத்தை ஒருமுறை சுற்றி வந்தார்கள். ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் குனிந்து எதையோ தேடினார்கள். உறுதியூட்டிய கண்ணாடி என்பதற்கான முத்திரை அங்கே பொறிக்கப்பட்டிருக்கும் என்று பிறகு விளக்கினார்கள். நாம் டஃபன்டு கண்ணாடி என்று சொல்லும் இதை 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, காற்றை வேகமாகப் பாய்ச்சிக் குளிர்விக்கிறார்கள். உடைந்தால் கூரிய துண்டுகளாகச் சிதறாமல் சிறு பரல்களாக உதிர்வது அதனால்தான். ஆனால் உலை சரியாகப் பராமரிக்கப்படாத இடத்தில் தயாரானால், கண்ணாடியை உலைக்குள் நகர்த்தும் உருளைகளில் இருக்கும் மிக நுண்ணிய கண்ணாடித் துகள்கள் ஒரு பக்கத்தில் உருகி ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, விரல் நுனியால் தடவினால் லேசாகச் சொரசொரக்கும். அந்தப் பக்கத்தில் பசை நாடாவை எடுப்பதற்காகச் சுரண்டியின் தகட்டை ஓட்டினால், துகள்கள் பெயர்ந்து தகட்டோடு இழுபட்டுக் கண்ணாடி முழுவதும் கீறல் விழும். அதன் பின் கண்ணாடியை மாற்றுவதைத் தவிர வேறு வழி இருக்காது. எனவே அத்தகைய கண்ணாடிகளில் அவர்கள் தகட்டைத் தொடவே இல்லை. நாடாவைக் கரைப்பானில் ஊறவைத்துப் பொறுமையாகத் துணியால் எடுத்தார்கள். ஆர்வம் மட்டுமே உள்ள தன்னார்வலர்கள் பிளேடும் கையுமாக இறங்கியிருந்தால் எங்கள் கூடத்துக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஒரு பொதுக் கட்டடம் இலவச உழைப்பைத் தேடும்போது, வர விரும்புகிறவர்களின் நல்ல மனதோடு அவர்களின் தொழிலறிவையும் விசாரிப்பது மரியாதைக் குறைவு ஆகாது.

அவர்களின் கருவிகள் வியப்பூட்டும் அளவுக்கு எளியவை: ஒரு வாளி, அதில் சில துளி பாத்திரம் கழுவும் திரவம், நீரைப் பூசுவதற்குத் துணியுறை மாட்டிய ஒரு கட்டை, ரப்பர் பட்டை பொருத்திய ஒரு வைப்பர். இன்று கண்ணாடி துடைப்போர் கையில் வைத்திருக்கும் பித்தளை வைப்பரின் வடிவம் எத்தோரே ஸ்டெக்கோனே என்பவருடையது. இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் கண்ணாடி துடைத்துப் பிழைத்த அவர், 1930களில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் இருந்தது, இரண்டு தடித்த ரப்பர் பட்டைகளும் பல திருகாணிகளும் கொண்ட கனமான இரும்புக் கருவி. பட்டையை மாற்ற வேண்டுமானால் அத்தனை திருகாணிகளையும் கழற்ற வேண்டும். அந்தத் தொல்லையை அன்றாடம் கையில் அனுபவித்த ஒரு தொழிலாளிதான் அதைத் திருத்தினார் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

துணியால் துடைத்தால் அழுக்கு நீரில் கரைந்து கண்ணாடி முழுவதும் பரவுகிறது. நீர் ஆவியானதும் கரைந்திருந்தது அங்கேயே தங்குகிறது. வெயில் படும்போது தெரியும் வட்ட வட்டமான கோடுகள் அவைதாம். வைப்பர் நீரை உலர்த்துவதில்லை, அழுக்கோடு சேர்த்து வழித்தெடுக்கிறது. சோப்பின் முக்கிய வேலை அங்கே ரப்பரை வழுக்கிச் செல்லவிடுவது. இதை விதியாகச் சொல்வது எளிது. கை பழகுவதற்கு நாளாகும். மேல் விளிம்பில் ஒரு விரலகலம் முதலில் உலர்த்திவிட்டு அங்கிருந்து வைப்பரை இறக்குகிறார்கள், ஒவ்வோர் இழுப்பும் முந்தையதன் மேல் சற்றே ஏறிக்கொள்கிறது, இழுப்புக்கு இழுப்பு ரப்பரின் முனையைத் துணியில் ஒற்றிக்கொள்கிறார்கள். நேர்வெயில் படும் கண்ணாடியில் நீர் வழிப்பதற்குள் காய்ந்துவிடும் என்பதால், நிழல் விழும் பக்கத்திலிருந்து தொடங்கி வெயிலுக்கு முன்னும் பின்னுமாகக் கட்டடத்தைச் சுற்றினார்கள்.

மேல்தளக் கண்ணாடிகளுக்கு அவர்கள் ஏணியை எடுக்கவில்லை. நீண்ட கம்பின் நுனியில் தூரிகையும், அதற்குள்ளேயே நீர் வரும் குழாயும் கொண்ட ஏற்பாட்டைத் தரையில் நின்றபடியே இயக்கினார்கள். அதில் வரும் நீர் ஆர்.ஓ. சவ்விலும் அயனிகளை ஈர்க்கும் பிசினிலும் வடிகட்டப்பட்டு, அதன் டி.டி.எஸ்., அதாவது நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, சுழியத்துக்கு அருகில் வந்துவிடுகிறது. ஒரு லிட்டரில் 600 மில்லிகிராம் வரை கரைந்த உப்புகள் இருந்தாலும் குடிநீரின் சுவை நன்றாகவே இருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதே நீரைக் கண்ணாடியில் உலரவிட்டால் அத்தனை உப்பும் வெண்புள்ளிகளாகப் படியும். எதுவும் கரைந்திராத நீர் உலர்ந்தால் சுவடு விடாது, எனவே வழிக்க வேண்டியதே இல்லை. ஈரத்தோடு விட்டுவிட்டு அடுத்த சன்னலுக்குப் போனபோது எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு மனம் கேட்கவில்லை. இலவசம் என்பதால் பாதியில் விடுகிறார்களோ என்று என்னிடம் வந்து முணுமுணுத்தார். காய்ந்த பிறகு அவரே போய்ப் பார்த்துவிட்டு வந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

தோட்டத்துப் பக்கம் இருந்த சில கீழ்த்தளக் கண்ணாடிகளில் மட்டும் அவர்கள் தோல்வியை ஒப்புக்கொண்டார்கள். செடிகளுக்கு நீர் தெளிக்கும் குழாய் அந்தக் கண்ணாடிகளின் மீதும் தெளித்துக்கொண்டிருந்திருக்கிறது. கால்சியம், மக்னீசியம் உப்புகளின் மேற்படலம் வினிகர் போன்ற மென்மையான அமிலத்தில் கரைந்தது. அதற்கடியில் கண்ணாடியே அரிக்கப்பட்டிருந்த இடங்களில் மங்கல் அப்படியே நின்றது. அதையும் நீக்கக்கூடிய கடுமையான திரவங்கள் கிடைக்கின்றன, ஆனால் அவற்றில் சில ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்தவை. தோலில் பட்டால் உடனே வலி தெரியாமல்கூட உள்ளே இறங்கி, உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு இதயத்தையே பாதிக்கக்கூடிய பொருள் அது. பிள்ளைகள் ஓடியாடும் கட்டடத்துக்குள் அதைக் கொண்டுவர முடியாது என்று மறுத்துவிட்டு, முதலில் அந்தத் தெளிப்பானைத் திருப்பி வையுங்கள் என்று சொன்னார்கள். முகத்தாட்சணியத்துக்காக ஆகட்டும் பார்க்கலாம் என்று சொல்லாத அந்த மறுப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

கூலி இல்லை என்பதற்காகப் புவியீர்ப்பு தள்ளுபடி எதுவும் தருவதில்லை. சாய்வேணியை நான்கு பங்கு உயரத்துக்கு ஒரு பங்கு தூரம் என்ற கணக்கில், ஏறத்தாழ 75 பாகைக் கோணத்தில் வைக்க வேண்டும் என்பது விருந்தினருக்கும் வேலையாளுக்கும் ஒன்றுதான். பிரிட்டனில் 2005இல் வந்த உயரப் பணி விதிமுறைகள், உயரத்தில் ஏறாமல் முடிக்கக்கூடிய வேலையை ஏறாமலேயே முடிக்க வேண்டும் என்பதை முதல் படியாக வைக்கின்றன. கம்பும் தூய நீரும் தொழிலில் வேகமாகப் பரவியதில் அதற்கும் பங்குண்டு. கயிற்றில் தொங்கிச் செய்ய வேண்டிய இடமானால், வேலைக்கு ஒரு கயிறும் காப்புக்கு ஒரு கயிறும் தனித்தனிப் பிடிமானங்களில் கட்டப்பட வேண்டும். எங்கள் கூடத்தின் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூரைப்பட்டை இருக்கிறது. அங்கே சோதித்துச் சான்றளிக்கப்பட்ட பிடிமானம் எதுவும் கிடையாது, கூரைக் கண்ணாடியின் மேல் ஆள் கால் வைப்பது உயிருக்கே உலையாகலாம். ஆகவே அது துடைக்கப்படவில்லை. அது அழுக்காகவே இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு காரியம் காப்பீடு. கட்டடத்தின் காப்பீடு, வருகை தருவோரை உள்ளடக்கும். தன்னார்வமாக வேலை செய்கிறவரை உள்ளடக்குமா என்பது தனிக் கேள்வி. துடைப்போரின் சொந்தக் காப்பீடும் கூலி பெற்றுச் செய்யும் பணிக்கு மட்டுமே பொருந்துவதாக எழுதப்பட்டிருக்கலாம். இரு தரப்பும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்கிவிட வேண்டும். நல்ல காரியம் செய்ய வருகிறவர்களிடம் காகிதத்தை நீட்டுவதா என்று தயங்குவோரைப் பார்த்திருக்கிறேன். விழுந்து கால் முறிந்த பிறகு மருத்துவச் செலவு யாருடையது என்று பேச நேர்வதைவிடக் காகிதத்தை நீட்டுவது எவ்வளவோ கண்ணியமானது.

இலவச உழைப்பைப் பெறுவோர் செய்யும் பிழைகளில் மிகச் சாதாரணமானது, அதை ஓய்வுநேர விளையாட்டாகக் கருதுவது. கூலிக்கு ஆள் வந்தால் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பணம் போகிறது என்ற பயத்திலாவது சாவியை நேரத்துக்குக் கொண்டுவருகிறோம். இலவசம் என்றால் அவர்கள் வாசலில் காத்திருப்பதும் சேவையின் பகுதி என்று நினைத்துக்கொள்கிறோம். திரைகளைக் கழற்றி, நாற்காலிகளை நகர்த்தி, மின்கருவிகளை மூடி, ஏற்கெனவே விரிசல் விட்ட கண்ணாடிகளைப் படமெடுத்து வைத்து, நீர்க்குழாய் எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு ஒருவரை நிறுத்தி வைப்பதெல்லாம் நம் வேலை. விரிசலைப் படமெடுப்பது அவர்களுக்கும் பாதுகாப்பு, நமக்கும் பாதுகாப்பு.

இரண்டாவது பிழை, "வந்ததுதான் வந்தீர்கள், அப்படியே அந்த மின்விசிறிகளையும்…" என்று தொடங்கும் வாக்கியம். எங்கள் கூடத்திலும் அது ஒருவர் வாயிலிருந்து வந்தது. வந்தவர்களில் மூத்தவர், "ஐயா, நாங்கள் கண்ணாடி துடைக்கிறவர்கள்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். ஒருவர் தம் தொழிலைக் கொடையாகத் தருகிறார் என்றால் அந்தத் தொழிலைத்தான் தருகிறார். கூப்பிட்ட குரலுக்கு எதையும் செய்கிற கையாளாகத் தம்மை ஒப்படைக்கவில்லை. கட்டணமின்றி வழக்கு நடத்தித் தரும் வழக்கறிஞரிடம், அப்படியே இந்த விண்ணப்பப் படிவங்களையும் நிரப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று யாரும் சொல்வதில்லை.

அந்த ஒப்பீடு வேறோர் இடத்துக்கும் என்னை இழுத்துச் செல்கிறது. மருத்துவரும் வழக்கறிஞரும் ஒரு நாளை இலவசமாகத் தந்தால் அது தியாகம் என்று பாராட்டப்படுகிறது; உடலுழைப்பால் பிழைப்பவர்களிடம் அதையே கேட்கும்போது நம் குரல் தானாக மாறிவிடுகிறது. அந்த நாளின் கூலியை இழப்பதால் வீட்டில் நேரடியாகக் குறை ஏற்படுவது பின்னவர்களுக்குத்தான். ஆகவே இந்த வகை உதவியை நாமாகப் போய்க் கேட்கக்கூடாது என்பது என் கருத்து. குழுவில் இதை எல்லோரும் ஏற்கவில்லை. கேட்காமல் எது கிடைக்கும் என்று வாதிட்டவர்களும் உண்டு. நான் விட்டுக்கொடுக்காத ஒன்று இருக்கிறது. ஒரு நிறுவன முதலாளி தம் பணியாளர்களை 'சேவைக்கு' அனுப்புவதாகச் சொன்னால், அந்த நாளுக்கு அவர்களுக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டாக வேண்டும். சம்பளம் உண்டென்றால் கொடையாளர் முதலாளி, நன்றி அவருக்கு. இல்லையென்றால், தொழிலாளரின் கூலியில் முதலாளி விளம்பரம் தேடிக்கொள்கிறார் என்றே பொருள், அப்படிப்பட்ட கண்ணாடி பளபளக்க வேண்டியதில்லை. எங்களிடம் வந்தவர்கள் தாமாகச் சேர்ந்து, தம் சொந்தக் கருவிகளோடு வந்தவர்கள். அவர்களில் ஒருவரின் மகள் எங்கள் கூடத்தில் மாலை வகுப்புக்கு வருகிறாள் என்பதைப் பிறகு அறிந்தேன். நாள் முழுவதும் உயர்ந்த அலுவலகக் கட்டடங்களின் வெளியே தொங்கியபடி, உள்ளே இருப்போர் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்காத கண்ணாடிகளைத் துடைக்கும் தமக்கு, யாருக்காகத் துடைக்கிறோம் என்று தெரிந்து துடைப்பது வேறாக இருக்கிறது என்று அவர் சொன்னார். அமெரிக்காவின் சில குழந்தைகள் மருத்துவமனைகளில் இந்தத் தொழிலாளர்கள் சூப்பர் ஹீரோ உடையணிந்து கயிற்றில் இறங்கிப் படுக்கையில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கையசைப்பதும் இந்த உணர்வின் இன்னொரு வடிவம்தான் என்று நினைக்கிறேன்.

எங்கள் கூடத்தைத் தினமும் சுத்தம் செய்யும் அம்மையாருக்கு நாங்கள் சம்பளம் தருகிறோம். இலவசமாகச் செய்ய ஆள் இருக்கிறார்கள் என்ற பேச்சு அவருடைய வேலையின் மீது கை வைப்பதில் போய் முடியக்கூடாது என்பதால், வெளிப்புறமும் உயரமான கண்ணாடிகளும் மட்டுமே அவர்களுடையவை என்று முன்பே வரையறுத்திருந்தோம். அவரோ அன்று முழுவதும் அவர்களோடுதான் நின்றார். தம் வைப்பர் ஏன் கோடு போடுகிறது என்று கேட்டார். இளைஞர் ஒருவர் அதை வாங்கிப் பார்த்து, "அக்கா, ரப்பரின் ஓரம் மழுங்கிவிட்டது. கழற்றித் திருப்பிப் போட்டால் மறு ஓரம் புதிதாக இருக்கும்" என்று சொல்லி மாட்டிக் கொடுத்தார். "இத்தனை நாளும் என் கைதான் சரியில்லை என்று நினைத்திருந்தேன், தம்பி" என்றார் அவர். அந்த ஒரு ரப்பர் பட்டையை மாற்றுவதற்கு எங்கள் குழு எப்போதும் பணம் ஒதுக்கியதில்லை.

கண்ணாடி தெளிந்த பிறகு வந்த புகார்களையும் சொல்ல வேண்டும். சுவர்க் கறைகளும் ஒட்டடையும் திடீரென்று எல்லோர் கண்ணிலும் பட்டன. படிக்கும் மூலையில் கண் கூசுகிறது என்றார்கள். இவற்றைவிட முக்கியமானது பறவைகள். தெளிந்த கண்ணாடி வானத்தையும் மரத்தையும் அப்படியே பிரதிபலிக்கும்போது பறவைகள் அதைத் திறந்த வெளி என்று நம்பி மோதுகின்றன. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடி வரை பறவைகள் கட்டடங்களில் மோதி இறப்பதாக 2014இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பருந்தின் படம் ஒன்றை ஒட்டிவைப்பதால் பயனில்லை. கண்ணாடியின் வெளிப்புறத்தில் 5 சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சிறு புள்ளிகள் முழுவதும் பரவியிருந்தால்தான் பறவை அதைத் தடையாகக் காண்கிறது. மரங்களை நோக்கிய சன்னலில் அத்தகைய புள்ளிகளை ஒட்டினோம். அவ்வளவு சிரமப்பட்டுத் துடைத்த கண்ணாடியில் புள்ளி வைப்பதா என்று முகம் சுளித்தவர்கள், துடைத்தவர்கள் அல்லர்.

கடைசியாகக் கணக்கு. வந்தவர்கள் பணத்தை வாங்க மறுத்ததால் அன்றைய வேலை எங்கள் வரவுசெலவில் இடம்பெறாது என்று பொருளாளர் கூறினார். நான் எதிர்த்தேன். தனித்திறன் தேவைப்படுவதும், இலவசமாகக் கிடைக்காவிட்டால் விலை கொடுத்து வாங்கியே ஆக வேண்டியதுமான சேவையை, அதன் மதிப்பில் நன்கொடையாகப் பதிவு செய்ய வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கியல் நெறிகளிலேயே இருக்கிறது. எங்களுக்கு அந்த விதி கட்டாயமில்லை என்றாலும் அதன் நியாயம் பொருந்தும். பதிவு செய்யாவிட்டால், அடுத்து வரும் குழு ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடிக்குச் செலவே கிடையாது போலிருக்கிறது என்று முடிவு கட்டும். எனவே அதே வேலைக்கு வெளியே என்ன கேட்பார்கள் என்று விலைப்புள்ளி வாங்கி, அந்தத் தொகையை வரவில் நன்கொடையாகவும் செலவில் பராமரிப்பாகவும் எழுதினோம். செய்த வேலையை விவரித்து, அவர்கள் பிற இடங்களில் சான்றாகக் காட்டக்கூடிய வகையில் ஒரு கடிதமும் தந்தோம். வரும் ஆண்டின் திட்டத்தில் வெளிக்கண்ணாடிகளுக்கென்று பணம் ஒதுக்கியிருக்கிறோம். அந்த வேலைக்கு முதலில் அவர்களிடமே, கூலி பேசி, கேட்பது என்று தீர்மானம். தொகையை மட்டும் பொருளாளர் இன்னும் குறைக்கப் பார்க்கிறார்.